கல்லும் உளியும்: கழுகுமலையும் அல்ஹிஜ்ரும்

கற்சிற்பம் என்றதும் நம்மில் பலர் உருவ வழிபாட்டை மட்டுமே நினைக்கிறோம். வழிபாடு வேறு, கல்லைச் செதுக்கும் கைத்திறன் வேறு. முன்னதில் நமக்குப் பங்கில்லை. பின்னதோ நம் முன்னோரின் பள்ளிவாசல்களையும் எழுப்பித் தந்தது. ஆதலின் அத்திறன் இயங்கும் முறையை அறிந்து கொள்வது நமக்கும் உரியதே.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலின் பதினொரு நிலைக் கோபுரம் தொலைவிலேயே கண்ணில் படும். அதன் மேல்நிலைகள் செங்கல்லும் சுதையும் கொண்டவை. சுதை வேலையில் பிழை நேர்ந்தால் மீண்டும் பூசிச் சரிசெய்யலாம். அக்கோயிலின் உள்ளே நிற்கும் நாயக்கர் காலக் கற்றூண்களின் நிலை வேறு. வெட்டிய கல்லை மீண்டும் ஒட்ட இயலாது. கோடிட்டு, அளந்து, சிறிது சிறிதாகக் குறைத்துச் செல்வதே சிற்பியின் வழி. கருங்கல்லில் உளி விரைவில் மழுங்கும். அதை உலையில் காய்ச்சித் தட்டிக் கூராக்கிய பின்னரே வேலை தொடரும்.

நிறைவுற்ற தூணில் இப்படிநிலைகள் மறைந்துவிடுகின்றன. அவற்றைக் காண ராஜபாளையத்திற்குத் தெற்கே கழுகுமலைக்குச் செல்ல வேண்டும். 8ஆம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில் தொடங்கப்பெற்ற வெட்டுவான் கோயில் அங்கே முற்றுப்பெறாமல் நிற்கிறது. திறந்த மலைச்சரிவில் சுற்றிலும் அகழ்போல் வெட்டி, நடுவே ஒரு பாறைத் திரளைத் தனித்து நிறுத்தி, அதை உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கியுள்ளனர். சிகரம் முழுமை பெற்றிருக்க, அடிப்பகுதி கரடாகவே உள்ளது. இம்முறையில் உயர்ந்த சாரம் தேவையில்லை. வெட்டாத பாறையே சிற்பி நிற்கும் தளமாகும். மேலிருந்து விழும் சில்லுகள் முடிந்த வேலையைச் சிதைப்பதும் இல்லை.

இதே முறையை அரபு மண்ணிலும் காண்கிறோம். தமூது கூட்டத்தாரின் நிலமாக அறியப்படும் அல்ஹிஜ்ரில் மணற்பாறைகளைச் செதுக்கிய கல்லறை முகப்புகள் பல உள்ளன. இன்று எஞ்சி நிற்பவை பிற்காலத்து நபத்தியருடையவை என்பது தொல்லியலார் முடிவு. 2008இல் யுனெஸ்கோ அவ்விடத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அங்கே தனித்து நிற்கும் கஸ்ருல் ஃபரீதின் மேற்பகுதி செம்மையாகவும் அடிப்பகுதி முடிவுறாமலும் இருப்பது, கழுகுமலையைக் கண்டவருக்கு வியப்பளிக்கும்.

மலைகளைக் குடைந்து வீடமைக்கும் ஆற்றலை அல்லாஹ்வின் அருட்கொடைகளோடு சேர்த்தே ஸாலிஹ் நபி (அலை) தம் கூட்டத்தாருக்கு நினைவூட்டியதைத் திருக்குர்ஆன் (7:74) எடுத்துரைக்கிறது. அவர்களை அழித்தது கைத்திறன் அன்று. அருளியவனை மறந்த ஆணவம். ஹிஜ்ரி 9இல் தபூக் செல்லும் வழியில் அவ்விடத்தைக் கடந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அழுதவாறன்றி அங்கே நுழைய வேண்டாமெனத் தோழர்களை எச்சரித்ததன் கருத்தும் இந்தப் படிப்பினையே.

அவ்வாறாயின் உருவம் செதுக்கிப் பிழைப்பவனின் கதி யாது? தன் வாழ்வாதாரமே உருவம் சமைப்பதுதான் என முறையிட்ட ஒருவருக்கு, இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் முதலில் உருவம் சமைப்போர்க்கு வரும் வேதனை பற்றிய நபிமொழியை அறிவித்தார்கள். அம்மனிதர் அஞ்சி முகம் வெளிறினார். பின்னர், செய்தே ஆக வேண்டுமாயின் மரங்களையும் உயிரற்றவற்றையும் செய்யுமாறு வழிகாட்டினார்கள் என்பது ஸஹீஹுல் புகாரியின் செய்தி. உருவம் தடுக்கப்பட்டது, தொழிலாளியின் கைக்கு மாற்றுவழி தரப்பட்டது.

அவ்வழியின் கண்கூடான சான்று கீழக்கரைப் பழைய ஜும்ஆ பள்ளிவாசல். அதன் கருங்கல் தூண்களும் போதிகைகளும் தென்னாட்டு மண்டப மரபில் அமைந்தவை. பூவும் கொடியும் அங்கே உண்டு; உயிருள்ளவற்றின் உருவம் இல்லை. மண்டபத் தூணை வடித்த அதே சிற்ப மரபு நம் மார்க்கத்தின் எல்லையை மதித்து இறையில்லத்தையும் அழகு செய்தது.

பழைய கற்பள்ளிகளை இடித்துவிட்டுக் கான்கிரீட் கட்டடம் எழுப்ப முனையும் ஜமாஅத்தார், முதலில் அத்தூண்களை ஒருமுறை தடவிப் பார்க்கட்டும். பள்ளியை விரிவாக்க வேறு வழிகள் உண்டு. உடைத்த தூணை மீண்டும் ஒட்ட வழியில்லை.