கேட்டறிவதும் அன்பே



கோடை விடுமுறையில் ஜேர்மனியிலிருந்து பேரன் வருகிறான். “அம்மம்மா, நீ சாப்பிட்டியா?” என்று ஆசையோடு கேட்கிறான். அம்மம்மாவின் முகம் வாடிவிடுகிறது. ‘மரியாதை தெரியாமல் பிள்ளையை வளர்த்துவிட்டார்களே’ என உள்ளம் குமைகிறது.

உங்கள் இல்லத்திலும் இவ்வாறு நிகழ்ந்திருக்கலாம். நீ, நீர், நீங்கள் என மூன்று படிகளில் மரியாதையை அளந்து வழங்குவது எமது வழக்கு. ஜேர்மன் மொழியிலோ அந்நியருக்கு ஒரு சொல், உறவினருக்கு வேறொரு சொல். பாட்டியை மட்டுமன்றி, செபத்தில் ஆண்டவரையும் உறவுக்குரிய அச்சொல்லாலேயே அழைக்கின்றனர். பேரன் மரியாதையை மறக்கவில்லை. தான் அறிந்த நெருக்கத்தையே தமிழில் தந்தான்.

புலம்பெயர்ந்த எம்மவரும் அங்கு இத்தகைய இடர்களைச் சந்திக்கின்றனர். ஆசிரியர் முன் பணிவோடு தலைகுனியும் பிள்ளை எதையோ மறைப்பதாகக் கருதப்படலாம். ‘போய் வருகிறேன்’ என்று நாம் விடைபெறுவதை அப்படியே மொழிபெயர்த்துச் சொன்னால், அயலவர் எமது வருகைக்காகக் காத்திருக்கக்கூடும்.

1687ஆம் ஆண்டு கோவாவிலிருந்து யாழ்ப்பாணம் வந்த புனித யோசப் வாஸ் அடிகளாரும் இம்மண்ணில் ஓர் அந்நியரே. கொங்கணி அவரது தாய்மொழி. கத்தோலிக்கக் குருக்களுக்கு ஒல்லாந்தர் தடை விதித்திருந்த காலம் அது. வெளிப்படையாக விசாரிக்க வழியில்லை. எனவே ஏழையின் கோலத்தில், கழுத்தில் செபமாலை அணிந்து, வீடு வீடாகப் பிச்சை கேட்டுச் சென்றார். செபமாலையைக் கண்டு எந்த முகம் மலர்கிறது எனப் பொறுமையோடு கவனித்தார். இவ்வாறு விசுவாசிகளை இனங்கண்ட அவர், பின்னர் சில்லாலையில் தங்கிப் பணியாற்றினார்.

1692இல் கண்டிக்குச் சென்றபோது, போர்த்துக்கேய ஒற்றரெனத் தவறாகக் கருதப்பட்டுச் சிறையிலிடப்பட்டார். தம்மைத் தவறாக எண்ணியவர்களை அவர் வெறுக்கவில்லை. அச்சிறையிலேயே சிங்களம் கற்றார். 1711இல் கண்டியில் இறக்கும்வரை அம்மக்களுக்கும் பணிசெய்தார். 2015 ஜனவரி 14ஆம் நாள், கொழும்பு காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார்.

பிரியமானவர்களே, ஒரு சொல்லால் புண்பட்டு, மாதக்கணக்கில் தொலைபேசியைத் தொடாதிருக்கும் உறவுகள் எம்மிடையே இல்லையா? தீர்ப்பிடுமுன் ஒருமுறை கேட்டிருந்தால் எத்தனை மனக்கசப்புகள் தீர்ந்திருக்கும்!

அடுத்தமுறை பேரன் ‘நீ’ என்றழைத்தால், முதலில் அவன் முகத்தைப் பாருங்கள். பின்பு அருகில் அமர்த்தி, ‘நாங்கள் பெரியவர்களை நீங்கள் என்போம், ராசா’ என்று கற்றுக்கொடுங்கள். அவனது மொழியில் ஒரு சொல்லை நீங்களும் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். வெளிநாட்டிலுள்ள பெற்றோரே, இங்குள்ளோர் மனம் நோகும் இடங்களைப் பயணத்துக்கு முன்னரே பிள்ளைகளுக்கு எடுத்துரையுங்கள்.

ஆண்டவரே, சொல்லைக் கேட்டுச் சினக்குமுன் அதன் பின்னுள்ள உள்ளத்தைக் காண எமக்குக் கற்றுத்தாரும். ஆமென்.