வளைகுடா வீடுகளில் மிளகாய்: ஆடிப்பட்டம் இங்கு உதவாது

ஆடிப்பட்டம் பார்த்து விதைப்பது தமிழக உழவர் வழக்கு. ஐக்கிய அரபு அமீரகத்தில் அதை அப்படியே பின்பற்றினால் மிளகாய் காய்ப்பதில்லை. இங்கு ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் பகல் வெப்பம் 45 டிகிரி செல்சியஸைத் தொடும். செடி அதைத் தாங்கி நிற்கலாம். ஆனால் வெப்பம் பகலில் 35 டிகிரிக்கும் இரவில் 25 டிகிரிக்கும் மேல் நீடித்தால் மகரந்தம் வலுவிழந்து, பூக்கள் பிஞ்சாகாமல் உதிரும். செழித்த செடியில் ஒரு காயும் இல்லையே என்று வருந்துவோர் விதையையும் உரத்தையும் குறை கூறுவர். பெரும்பாலும் குறை மாதத்தில்தான் உள்ளது.

செப்டம்பர் நடுவில் வீட்டினுள் விதைத்து, அக்டோபர் இறுதியில் நாற்றை வெளியே நடலாம். ஜனவரி முதல் ஏப்ரல் வரை காய் பறிக்கலாம். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற இராமநாதபுரம் முண்டு மிளகாயும் வடகிழக்குப் பருவமழையை ஒட்டி ஏறத்தாழ இக்காலத்தில்தான் விதைக்கப்படுகிறது. வெயிலில் உலர்ந்த வற்றலாயின், சமையலறை விதையே பல வேளைகளில் முளைத்துவிடும். குடைமிளகாய் வெப்பத்திற்கு மேலும் எளிதில் வாடும். முதல் முறை பயிரிடுவோர் பச்சை மிளகாயில் தொடங்குவது நன்று.

அடுத்த இடர் உப்பு. முற்றத்து மணலை அள்ளித் தொட்டியில் இடலாகாது. செடிக்கடைகளில் ‘ஸ்வீட் சாண்ட்’ எனப்படும் உப்புக் குறைந்த மணலுடன் மட்கிய உரத்தைச் சமஅளவு கலந்து, 30 செ.மீ. ஆழமுள்ள தொட்டியில் நிரப்பலாம். இலை நுனி கருகினால், அடித்துளை வழியே நீர் நன்கு வடியுமாறு ஒருமுறை ஊற்றி உப்பைக் கழுவ வேண்டும். அந்நீர் கீழ்த்தள மாடத்தில் சொட்டாதபடி தட்டு வைப்பது அண்டை வீட்டார்க்குச் செய்யும் மரியாதை. கொசு பெருகாதிருக்கத் தட்டில் தேங்குவதை உடனே அகற்ற வேண்டும்.

இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேனும், கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்திப்பேனும் காரணமாக இருக்கலாம். ஒரு லிட்டர் நீரில் 5 மி.லி. வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலுடன் கலந்து, வெயில் தணிந்தபின் இலையின் அடிப்புறத்தில் தெளிக்கலாம்.

மே மாதம் வந்ததும் செடியைப் பிடுங்கிவிட வேண்டியதில்லை. மூன்றில் ஒரு பங்கு உயரம் எஞ்சுமாறு கவாத்து செய்து நிழலுக்கு மாற்றினால், பிழைத்த செடி அக்டோபரில் மீண்டும் பூக்கும். கோடையில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய்நீர் வேரை வேகவைக்கும் சூட்டில் இருக்கும். முதல்நாள் இரவே வாளியில் பிடித்து வீட்டினுள் ஆறவைத்து, விடியற்காலையில் ஊற்ற வேண்டும்.