இரு புள்ளிகளும் ஒரு சாய்வும்



கணக்கில் ஒரு கழித்தற்குறி தவறினால் என்ன நேர்ந்துவிடப் போகிறது என்று நீங்கள் எண்ணக்கூடும். அரை மதிப்பெண் குறையும், அவ்வளவுதானே! இளம் ஆசிரியனாக இருந்த காலத்தில் நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். அவ்வெண்ணத்தை மாற்றியது எங்கள் பாலாறு.

பாலாறு கருநாடகத்தின் நந்திமலைப் பகுதியில் தோன்றி, ஆந்திரத்தைக் கடந்து, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர்ப் பகுதிகளின் வழியே சென்று வங்கக் கடலை அடைகிறது. ஆண்டின் பெரும்பகுதியில் கண்ணுக்குத் தெரிவது மணல்தான். நீரோட்டம் மணலுக்கு அடியில் இருக்கும். ஆம்பூருக்கும் வேலூருக்கும் இடையே இந்நிலம் எவ்வளவு சாய்ந்துள்ளது? இதை அறிய இரண்டு புள்ளிகள் போதும்.

ஆம்பூர் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 316 மீட்டர் உயரத்தில் உள்ளது. வேலூர் ஏறத்தாழ 216 மீட்டர். இடைத்தொலைவு சுமார் 50 கிலோமீட்டர். வரைபடத் தாளின் கிடையச்சில் ஆம்பூரிலிருந்து தொலைவையும், நிலையச்சில் உயரத்தையும் குறியுங்கள். ஆம்பூர் (0, 316). வேலூர் (50, 216). இரண்டையும் நேர்கோட்டால் இணையுங்கள்.

கிடையாக ஓர் அலகு செல்லும்போது உயரம் எவ்வளவு மாறுகிறது என்பதே சாய்வு. ஆகவே, உயரங்களின் வேறுபாட்டைத் தொலைவுகளின் வேறுபாட்டால் வகுக்க வேண்டும். 216 − 316 = −100. 50 − 0 = 50. வகுத்தால் −2. அதாவது, கிலோமீட்டருக்கு 2 மீட்டர் இறக்கம்.

ஆம்பூரை முதலில் வைத்துக் கழித்தாலோ? 316 − 216 = 100; 0 − 50 = −50; விடை அதே −2. எந்தப் புள்ளியையும் முதலாகக் கொள்ளலாம். ஆனால் மேலே எதை முதலாகக் கொண்டோமோ, கீழேயும் அதையே முதலாகக் கொள்ள வேண்டும். மேலே ஓர் ஊரையும் கீழே மற்றோர் ஊரையும் முதலாக வைத்தால் விடை +2 என்று வந்துவிடும்.

1990களின் தொடக்கத்தில் ஒரு மாணவன் கரும்பலகையில் இப்பிழையையே செய்தான். அரை மதிப்பெண் குறைத்துவிட்டு நான் அடுத்த கணக்கிற்குச் செல்ல முயன்றேன். தோல் பதனிடும் கூடங்களுக்குக் கீழே, ஆற்றோர ஊரிலிருந்து வரும் மற்றொரு மாணவன் எழுந்தான். "ஐயா, +2 என்றால் வேலூர்த் தண்ணீர் ஆம்பூருக்கு அல்லவா ஏறி வரும்? பிறகு எங்கள் ஊர்க் கிணறு ஏன் உவர்க்கிறது?" என்றான். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவன் கேட்டதில் பொருள் இருந்தது. ஒரு கிலோ தோலைப் பதனிடச் சுமார் 35 லிட்டர் நீர் தேவைப்படுவதாக, 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்சநீதிமன்றம் இப்பகுதித் தோல் தொழிற்கூடங்களைப் பற்றி அளித்த தீர்ப்பில் குறிப்பிட்டது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை அத்தீர்ப்பு வலியுறுத்தியது. 2025 ஜனவரியில் அந்நீதிமன்றம் பாலாற்று மாசு பற்றி மீண்டும் தீர்ப்பளிக்க நேர்ந்தது. தோல் தொழில் எங்கள் மக்களுக்குச் சோறு போடுகிறது. அதன் கழிவுநீரோ, சுத்திகரிக்கப்படாவிட்டால், சாய்வு காட்டும் வழியே கீழூர்க் கிணறுகளைத் தேடிச் செல்கிறது.

நிலத்தடி நீர் செல்லும் திசையையும் இம்முறையிலேயே ஆராய்கின்றனர். சில கிணறுகளின் நீர்மட்டத்தை, தரையிலிருந்து அளந்த ஆழமாக அன்றி, கடல் மட்டத்திற்கு மேலுள்ள உயரமாக மாற்றி ஒப்பிடுகின்றனர். தரையே சாய்ந்திருப்பதால் வெறும் ஆழம் நம்மை ஏமாற்றிவிடும்.

இரண்டு எச்சரிக்கைகள். இரு புள்ளிகள் தருவது சராசரிச் சாய்வு. இடையே நிலம் மேடும் பள்ளமுமாய் இருக்கலாம். மேலும், ஒரே கிணற்றின் வாயையும் அடியையும் இரு புள்ளிகளாகக் கொண்டால் கிடைத் தொலைவின் வேறுபாடு 0. பூச்சியத்தால் வகுத்தல் இயலாது. செங்குத்துக் கோட்டிற்குச் சாய்வு வரையறுக்கப்படவில்லை.

அன்று நான் அடுத்த கணக்கிற்குச் செல்லவில்லை. அக்கணக்கையே முதலிலிருந்து மீண்டும் கரும்பலகையில் எழுதினேன். நீங்களும் விடை எழுதியபின், இக்குறியின்படி தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.