நீரேற்று மின்னோடி சூடேறுதல்

நீரேற்று மின்னோடி சூடேறுதல் என்பது, கிணறு, ஆழ்துளைக் கிணறு, நீச்சல் குளம் முதலியவற்றில் நீர் இறைக்கும் மின்னோடி (மோட்டார்), தன் கம்பிச்சுற்றின் காப்பு தாங்கும் அளவுக்கு மேல் வெப்பமடைவதைக் குறிக்கும். இதன் முற்றிய நிலையே பேச்சு வழக்கில் "காயில் எரிந்துவிட்டது" எனப்படுகிறது.

சேலம் மாவட்டம் சங்ககிரி வட்டாரத்தில் கடினப் பாறையின் வெடிப்புகளில் தங்கும் நீரே பெரிதும் நிலத்தடி நீராகும். எனவே, கிணறு வற்றும்போது பல நூறு அடி ஆழத்துக்குத் துளையிடப்படுகிறது. துளையிடும் ரிக் வண்டிகளுக்குப் பெயர்பெற்ற திருச்செங்கோடு அருகிலேயே உள்ளது. அத்தகைய ஆழத்தில் மோட்டார் எரிந்தால், குழாயுடன் மேலே இழுத்து, காயில் கட்டி, மீண்டும் இறக்க வேண்டும். அதுவரை பயிருக்குத் தண்ணீர் இல்லை. காரணத்தைக் கண்டறியாமல் காயில் மட்டும் கட்டினால் புதிய காயிலும் எரியக்கூடும்.

மின் காரணங்கள்

மின்னழுத்தம் குறையும்போது, அதே அளவு நீரை இறைக்க மோட்டார் கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கிறது. சுற்றில் உண்டாகும் வெப்பமோ மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். மும்முனைகளின் அழுத்தம் சமமின்றி இருப்பதும் தீங்கானது. 3 விழுக்காட்டு வேறுபாடு வெப்ப உயர்வை ஏறத்தாழ 18 விழுக்காடு கூட்டும். ஒரு முனை அறுந்துவிட்டால் எஞ்சிய இரண்டில் மின்னோட்டம் ஏறத்தாழ 1.7 மடங்காகலாம்.

மும்முனை மின்சாரம் முறைவைத்து வழங்கப்பட்ட காலங்களில், இருமுனை நேரத்திலும் மோட்டாரை ஓட்டுவதற்குத் தமிழ்நாட்டு உழவர்கள் மின்தேக்கிகளை (கெப்பாசிட்டர்) இணைத்தனர். இவை மூன்றாம் முனையைச் செயற்கையாக உண்டாக்கினாலும், ஒரு குறிப்பிட்ட சுமைக்கே ஓரளவு பொருந்தும்; நீர்மட்டம் மாறினால் சமநிலை குலையும்.

குளிர்வு குறைதல்

நீர்மூழ்கி மோட்டாருக்குச் சுற்றிலும் ஓடும் நீரே குளிர்விப்பான். நீர் உறிஞ்சும் வாய் மோட்டாருக்கு மேலே அமைந்துள்ளது. ஆகவே பாறையின் ஊற்று அவ்வாய்க்கு மேல் இருந்தால், வரும் நீர் மோட்டாரைத் தொடாமலே உறிஞ்சப்பட்டுவிடும். நீருக்குள் மூழ்கியிருந்தும் மோட்டார் சூடேறுவதன் புதிர் இதுவே. மோட்டாரையும் நீர் வாயையும் சேர்த்து மூடும் உறையை மாட்டினால், நீர் கீழிறங்கி மோட்டாரை உரசிச் செல்லும். நீர் வற்றிய பின்னும் ஓடவிட்டால் குளிர்வு நின்றுபோவதுடன், நீரால் மசகிடப்படும் தாங்கிகளும் தேயும்.

நீச்சல் குள மோட்டார் காற்றால் குளிர்வது. காற்றோட்டமற்ற குழி, அடைபட்ட விசிறி மூடி ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். தொட்டால் சுடுவது மட்டும் பழுதுக்குச் சான்றாகாது. நல்ல மோட்டாரின் உடலும் 60 முதல் 70 பாகை செல்சியசை எட்டக்கூடும்.

கண்டறிதல்

ஓடும்போது ஒவ்வொரு முனையின் மின்னோட்டத்தையும் டாங் டெஸ்டரால் அளந்து, பெயர்த்தகட்டில் உள்ள அளவோடு ஒப்பிடுவது முதற்படி. மூன்றும் சமமாகக் கூடியிருந்தால் குறைந்த அழுத்தத்தையோ மிகைச் சுமையையோ ஐயுறலாம். ஒன்று மட்டும் வேறுபட்டால் மின்வழியையும் ஸ்டார்ட்டரின் தொடுமுனைகளையும் ஆராய வேண்டும். ரிலே அடிக்கடி விழுகிறது என்பதற்காக அதன் அளவை உயர்த்துவது பழுதை மறைக்கும் செயலேயாகும்.

எரிந்த காயிலும் சான்று தரும். எல்லாச் சுற்றுகளும் ஒரேபோல் கருகியிருந்தால் மிகைச் சுமை, குறைந்த அழுத்தம் அல்லது குளிர்வின்மை காரணமாகலாம். ஸ்டார் இணைப்பில் இரு முனைகளின் சுற்றுகள் கருகி மூன்றாவது புதிதுபோல் இருந்தால், ஒரு முனை அறுந்தது எனக் கொள்ளலாம். டெல்டா இணைப்பில் இதற்கு மாறாக ஒரு முனையின் சுற்று மட்டுமே கருகும்.