குடிநீரும் இரைப்பைப் புற்றுநோயும்

சென்ற ஆண்டு என் மாணவர் ஒருவரின் தந்தை இரைப்பைப் புற்றுநோயால் காலமானார். தியாகராய நகரில் பழைய வீடு. துக்கம் விசாரிக்கச் சென்றபோது மாணவர் கேட்டார்: "சார், எங்கள் வீட்டுத் தண்ணீரில் இருந்த கிருமிதான் காரணமா? காய்ச்சிக் கொடுத்திருந்தால் பிழைத்திருப்பார் என்று அம்மா அழுதுகொண்டே இருக்கிறார்." இயற்பியல் கற்பிக்கும் எனக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை. பிறகு தேடிப் படித்தறிந்ததை இங்கே கூறுகிறேன்.

சென்னைவாசிகளுக்கு இக்கேள்வி புதிதன்று. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் நிறுவிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, 1982 முதல் நகரின் புற்றுநோய் விவரங்களைப் பதிவு செய்து வருகிறது. அதன் தொடக்க ஆண்டுகளில் ஆண்களிடையே முதலிடம் வகித்தது இரைப்பைப் புற்றுநோயே.

அமிலத்தில் வாழும் உயிர்

நம் இரைப்பையில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சுரக்கிறது. அதில் எந்த நுண்ணுயிரும் நிலைத்து வாழ முடியாது என்றே மருத்துவர்கள் நெடுங்காலம் நம்பினர். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்னும் இருவர் இதனை மறுத்தனர். 1982-இல் ஈஸ்டர் விடுமுறையால் வளர்ப்புத் தட்டுகள் வழக்கத்தைவிடக் கூடுதல் நாட்கள் ஆய்வகத்தில் கிடந்தன. அவற்றில் சுருள் வடிவப் பாக்டீரியா வளர்ந்திருந்தது! அதுவே ஹெலிகோபாக்டர் பைலோரி. 1984-இல் மார்ஷல் அதனைத் தாமே குடித்து, இரைப்பை அழற்சிக்கு உள்ளானார். 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இக்கிருமி அமிலத்தில் எவ்வாறு பிழைக்கிறது? அது யூரியேஸ் என்னும் நொதியைச் சுரக்கிறது. இந்நொதி யூரியாவைச் சிதைத்து அம்மோனியா உண்டாக்குகிறது. அம்மோனியா அமிலத்தை நடுநிலையாக்க, கிருமி தன்னைச் சுற்றி ஒரு பாதுகாப்பு வளையம் அமைத்துக்கொள்கிறது.

இதனால் தோன்றும் அழற்சி பல்லாண்டுகள் நீடித்தால் இரைப்பையின் உட்சுவர் மெலிந்து, செல்கள் மாறுபட்டு, சிலருக்குப் புற்றுநோய் உண்டாகலாம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994-இல் இதனைப் புற்றுநோய்க் காரணியாக அறிவித்தது. ஆயினும் தொற்று உள்ளவர்களில் நூற்றுக்கு ஒருவர் முதல் மூவர் வரையே இந்நோய்க்கு ஆளாகின்றனர். இந்தியாவில் தொற்று மிகப் பரவலாக இருந்தும், ஜப்பான், கொரியா அளவுக்கு இந்நோய் இல்லை. கிருமி மட்டுமே காரணம் அன்று. புகையிலை, மிகுதியான உப்பு, காய்கனிக் குறைவு, பரம்பரை ஆகியவையும் சேர்கின்றன.

தண்ணீரின் பங்கு

இக்கிருமி பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில், குடும்பத்தினரிடமிருந்தே தொற்றுகிறது. தண்ணீரும் ஒரு வழியாகலாம். பெரு நாட்டின் லிமா நகரக் குழந்தைகளிடம் நடந்து, 1991-இல் வெளியான ஆய்வு, குடிநீர் கிடைக்கும் வழிக்கும் தொற்றுக்கும் தொடர்பு கண்டது. பல நாடுகளில் நீரில் இதன் மரபுப்பொருள் கிடைத்துள்ளது; உயிருள்ள கிருமியைப் பிரித்தெடுத்து வளர்ப்பதோ மிக அரிது. வாசலில் காலடித் தடம் இருப்பதால் ஆள் வீட்டுக்குள் இருக்கிறார் என்று பொருளாகிவிடாது அல்லவா?

சுத்திகரித்து அனுப்பிய நீரில் அழுக்கு எப்படிச் சேரும்? இங்கேதான் இயற்பியல் வருகிறது. குழாயில் அழுத்தம் மிகுந்திருக்கும்போது விரிசல் வழியே நீர் வெளியே கசியும். விநியோகம் நின்றதும் அழுத்தம் குறைகிறது. போதாக்குறைக்கு நாம் குழாயில் நேரடியாக மோட்டாரைப் பொருத்தி உறிஞ்சுகிறோம். குழாயின் உள்ளழுத்தம் வெளியழுத்தத்தை விடக் குறைந்ததும், சுற்றியுள்ள கழிவுநீர் விரிசல் வழியே உள்ளே புகுகிறது. கிழிந்த குழலில் இளநீர் உறிஞ்சினால் காற்றும் சேர்ந்து வருகிறதே, அதே கதைதான்.

நீங்கள் செய்யக்கூடியது

குழாயில் நேரடியாக மோட்டார் வைக்காதீர்கள். தரையடித் தொட்டியையும் மாடித் தொட்டியையும் தவறாமல் கழுவுங்கள். குளோரின் இக்கிருமியை எளிதில் கொல்லும். ஆனால் தொட்டியின் வழவழப்புப் படலத்துக்குள் இருக்கும் கிருமிகளை அது எளிதில் எட்டாது. குடிநீரைத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்க விடுங்கள். மூடி வைத்து, கைபடாமல் கரண்டியால் எடுங்கள். காலரா, டைபாய்டு, மஞ்சள்காமாலை ஆகியவற்றையும் இது தடுக்கும்.

நாட்பட்ட அஜீரணம், சிறிது உண்டதும் வயிறு நிறைதல், எடை குறைதல், கருமையான மலம் ஆகியவை இருந்தால் அமிலமுறிவு மாத்திரையோடு காலம் கடத்தாமல் மருத்துவரிடம் செல்லுங்கள். கார்பன்-13 சேர்ந்த யூரியாவைக் குடித்து மூச்சை ஊதினாலே தொற்றைக் கண்டுபிடித்துவிடலாம். கிருமி இருந்தால் யூரியா சிதைந்து, அந்தக் கார்பன் மூச்சில் வெளிவரும். இரண்டு வார மருந்தில் பெரும்பாலோருக்குத் தொற்று நீங்குகிறது.

மாணவரிடம் மீண்டும் சென்று இவ்வாறு கூறினேன்: "உன் தந்தைக்குத் தொற்று இருந்திருந்தாலும், அது சிறுவயதிலேயே, எவ்வழியிலோ வந்திருக்கும். அம்மா மீது குற்றமில்லை. ஆனால் பெற்றோருக்கு இந்நோய் வந்த பிள்ளைகளுக்கு ஆபத்து சற்றுக் கூடுதல். நீயும் உன் தங்கையும் மருத்துவரைக் கேட்டுச் சோதித்துக்கொள்ளுங்கள்." சோதனையில் அவருக்குத் தொற்று இருப்பது தெரிந்தது. இப்போது மருந்து முடித்து நலமாயிருக்கிறார்.