ஓய்வு பெற்ற பந்தயக் குதிரையை வாங்குமுன்

மும்பை மகாலட்சுமி மைதானம் 1883-ஆம் ஆண்டில் தோன்றியது. குளிர்காலத்தில் அங்கும், மழைக்காலத்தில் புனேயிலும் குதிரைப் பந்தயங்கள் நடைபெறுவதை நம் நேயர்கள் அறிவர். ஆயின், ஓடி ஓய்ந்த குதிரைகள் எங்கே போகின்றன என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. தரோபிரெட் என்னும் இவ்வினக் குதிரை இரண்டு வயதிலேயே ஓடத் தொடங்குகிறது. சில ஆண்டுகளில் ஓய்வும் பெற்றுவிடுகிறது. ஆயுளோ இருபத்தைந்து ஆண்டுகள் வரை உண்டு. சில, பண்ணைகளுக்கும் சவாரிப் பள்ளிகளுக்கும் செல்கின்றன. வேறு சில உள்ளூர்த் தரகர் கைக்கு வருகின்றன. புறநகரில் சிறிது நிலம் வாங்கிய அன்பர்கள், "பிள்ளைகள் சவாரி பழக ஒன்று வாங்கலாமா?" என்று கேட்பதால் இதனை எழுதுகிறோம்.

தானம் கொடுத்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது. விலை கொடுத்து வாங்கும் குதிரையைப் பல் முதல் குளம்பு வரை பார்த்தேயாக வேண்டும். முதலில் அடையாளப் புத்தகத்தைக் கேட்க வேண்டும். அதிலுள்ள நிறம், நெற்றிச்சுட்டி, சுழி, பிறந்த ஆண்டு ஆகியவை எதிரே நிற்கும் குதிரையோடு ஒத்திருத்தல் அவசியம். "புத்தகம் பிறகு வரும்" என்பவரிடம், பணமும் பிறகே வரும் என்று சொல்லிவிடலாம்.

அடுத்தது கால்கள். முன்னங்கால்களின் பின்புறத்தைக் கையால் தடவிப் பார்த்தால், இரண்டும் ஒரே சீராக இருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் சூடோ தடிப்போ இருப்பின், ஓட்டத்தில் தசைநாண் பழுதுற்றிருக்கலாம். கெட்டித் தரையில் நேராகத் துள்ளுநடை நடத்திப் பார்த்தல் நன்று. முன்காலில் நோவுள்ள குதிரை, அக்காலை ஊன்றும்போது தலையை மேலே தூக்கும். முன்னறிவிப்பின்றி ஒருமுறை இலாயத்திற்குச் செல்வதும் பயன் தரும். சாதுவாகத் தோன்ற மயக்க மருந்து கொடுத்து நிறுத்துவோரும் உண்டு. விற்பவர் காட்டும் மருத்துவர் வேண்டா. நாமே கால்நடை மருத்துவரை அமர்த்தி, இரத்தப் பரிசோதனையும் செய்விக்க வேண்டும். கிளாண்டர்ஸ் என்னும் கொடிய நோய் குதிரையிடமிருந்து மனிதருக்கும் தொற்றும். 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதனை அரசுக்கு அறிவித்தாக வேண்டும்.

இவை யாவும் சரியாக இருப்பினும், அக்குதிரை உடனே குழந்தைகளுக்கு ஏற்றதாகிவிடாது. பந்தயத்தில் பழகிய குதிரை, கடிவாளம் இறுகினால் இன்னும் விரைந்தோடக் கூடும். அஞ்சிய சிறுவன் வாரை இழுத்துப் பிடிக்க, குதிரை பாய, விளைவது விபத்தே. நல்ல பயிற்சியாளரிடம் பல மாதம் மறுபயிற்சி பெற்ற பின்னரே பிள்ளைகளை ஏற்றலாம். அதுவரை அவர்கள் சவாரிப் பள்ளியில் பயில்வதே உத்தமம்.

செலவையும் கணக்கிட வேண்டும். ஏறத்தாழ 450 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாள்தோறும் ஒன்பது, பத்துக் கிலோ உலர்தீவனமும், முப்பது லிட்டருக்குக் குறையாத தண்ணீரும் தேவை. ஆறு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு திருத்தி லாடம் அடிக்க வேண்டும். தீவனத்தைத் திடீரென மாற்றினால் வயிற்றுவலி உண்டாகும். குதிரையால் வாந்தி எடுக்க இயலாதாகையால், அவ்வலி உயிருக்கே உலை வைக்கும். அன்றியும், மந்தையில் வாழும் இயல்புடைய அது தனிமையில் வாடும்.

குதிரையின் விலை ஒருநாட் செலவு. பராமரிப்போ பல்லாண்டுச் செலவு. ஆசை தீர்ந்தபின் மறுபடி விற்றால், திருமண ஊர்வலத்து வெடிச் சத்தத்திற்கிடையே அது நடுங்கி நிற்க நேரலாம். அதன் முதுமையையும் ஏற்கும் மனமும் வசதியும் உடையவரே வாங்கத் தகுதியுடையவர் என்பது நம் கருத்து.