விருந்துச் சோறு விஷமாகலாமா?

வீட்டில் பத்துப் பேருக்கு விருந்தென்றால், காலையிலேயே சோற்றை வடித்து வைத்து இரவில் சுடவைத்துப் பரிமாறும் இல்லத்தரசிகள் உண்டு. வேலை மிச்சம்தான், ஆனால் ஆபத்தும் உண்டு! அரிசியில் இருக்கக்கூடிய 'பாசில்லஸ் சீரியஸ்' என்னும் கிருமியின் வித்துக்கள் கொதிநீரிலும் சாவதில்லை. வடித்த சோறு வெளியிலேயே ஆறிக் கிடந்தால், அவை முளைத்துப் பெருகி விஷத்தை உண்டாக்கக்கூடும். வாந்தியை வரவழைக்கும் அந்த விஷம், மறுபடி சுடவைத்தாலும் அழியாது. ஆகவே, சமைத்த சோற்றை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்கலாகாது. கடுங்கோடையில் 1 மணி நேரமே அதிகம்.

காய்களை நறுக்குவது, மசாலா அரைப்பது போன்றவற்றை முன்னதாகவே முடித்துக்கொள்ளலாம். சோற்றை மட்டும் பந்திக்குச் சற்று முன்பு வடியுங்கள். மிஞ்சியதை அகலத் தட்டில் பரப்பி ஆற்றி, தாமதியாமல் ரெப்ரிஜிரேட்டரில் வையுங்கள். வந்தவர்கள் வயிறும் மனமும் குளிர்ந்து வீடு திரும்ப வேண்டாமா?